ஏழு வருஷம் சும்மா சுற்றியவர்



நம் ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் போவதற்குள் காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, எடிசன், அப்துல் கலாம் என்று எல்லாரையும் ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு விட்டார்கள். ஒருவிதத்தில் நல்லதாப் போச்சு. எனக்கு வேறொரு ஆளைப் பற்றி எழுத ஆசை இருந்தது. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன செமஸ்டரில் கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வந்த ஒருவர் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, பத்தாவது முடித்ததற்கும் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததற்கும் நடுவே ஒரு வருஷம் இடிக்கிறதே, என்ன செய்தாய் என்பது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருந்தேன் சார் என்றேன். அப்புறம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பேப்பரை மூடி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அந்த வரியையே பயோடேட்டாவிலிருந்து அடித்துவிட்டேன்.

அந்த வாரம்தான் நூலகத்தில் ஒரு மனோதத்துவப் புத்தகத்தில் எரிக் எரிக்சன் என்பவரைப் பற்றிப் படித்தேன். ஒரு வருஷத்துக்கே நான் முழித்தேன். இவர் ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்! பட்டம் கிடையாது. ஆனால் கல்லூரி வயதில் ஒரு மாணவன் எப்படி வளர்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்று உலகத்துப் பேராசிரியர்கள் இன்றைக்கு எழுதுவதில் பாதிக்கு மேல் இவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் கட்டியதுதான். இதைப் படித்த பிறகு இவரைத் தேடித் தேடிப் படித்தேன். நல்லதும் கண்டேன், மனசு கசந்து போகிற ஒரு சங்கதியும் கண்டேன். இரண்டையும் எழுதுகிறேன்.

எரிக் 1902 ஜூன் 15 அன்று ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். தாய் கார்லா ஆப்ரஹாம்சன், டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். தகப்பன் யார்? அதுதான் யாருக்கும் தெரியாது. கார்லாவை முன்பு மணந்த சாலமன்சன் என்பவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார். குழந்தைக்கு அவர் பெயர்தான் கிடைத்ததே தவிர, குழந்தை அவருடையது அல்ல. 1905-இல் கார்லா, கார்ல்ஸ்ரூ என்ற ஊரில் குழந்தை வைத்தியராக இருந்த தியோடர் ஹோம்பர்கரை மறுமணம் செய்துகொண்டார். தியோடர்தான் உன் அப்பா என்று பையனிடம் சொல்லி வளர்த்தார்கள். பெயரும் எரிக் ஹோம்பர்கர் ஆயிற்று.

பொய் எத்தனை நாள் நிற்கும்? பையன் வளர வளர உயரமாக, பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்ணுமாக இருந்தான். அந்த வீட்டில் யாருடைய ஜாடையும் அவனுக்கு இல்லை. யூதக் கோயிலுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் இவன் நம்மாள் இல்லை என்று ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே உள்ளவர்கள் இவன் யூதன் என்று ஒதுக்கினார்கள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. நான் யார் என்ற கேள்வி அவருக்குப் பாடப்புத்தகத்தில் வந்ததல்ல, கண்ணாடியில் வந்தது.

படிப்பில் சுமார்தான். பள்ளி இறுதித் தேர்வை எப்படியோ முடித்தார். வளர்ப்புத் தந்தைக்கு அவரை டாக்டராக்க வேண்டும் என்று ஆசை. (நம் வீடுகளில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!) எரிக் முடியாது என்றுவிட்டார். கையில் ஒரு நோட்டும் படம் வரைகிற சாமானும் எடுத்துக்கொண்டு 18 வயதில் கிளம்பினார். கார்ல்ஸ்ரூவில் ஓவியப் பள்ளியில் கொஞ்ச நாள், மியூனிக்கில் கொஞ்ச நாள், கருங்காட்டு மலைப்பகுதியில் நடை, பிறகு இத்தாலியில் ஃபிளாரன்ஸ். பெரிய பெரிய மரச்செதுக்குப் படங்கள் செய்தார். வண்ணம் தீட்டுவது தனக்கு வரவில்லை என்று ஒருநாள் அவருக்கே தெரிந்துபோயிற்று. 25 வயதை நெருங்கும்போது வேலையும் ஓடாமல், மனசும் நிலைகொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பினார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அப்போது 1927-இல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பள்ளித் தோழர் பீட்டர் பிளாஸ். வியன்னா நகரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறோம், வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று கூப்பிட்டிருந்தார். அந்தப் பள்ளிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு. பயிற்சி எதுவும் இல்லாத ஓவியர் பிள்ளைகளோடு பழகுகிற விதத்தை அவர் கவனித்தார். பிள்ளைகளின் மனசைப் படிக்கும் உளப்பகுப்பாய்வுத் தொழிலுக்கு நீ வரலாமே என்றார். எரிக் அவரிடமே பயிற்சி எடுத்தார். மாண்டிசோரி முறையில் ஆசிரியர் டிப்ளமோவும் பெற்றார். ஆமாம் நண்பர்களே, அவரும் நம்மைப் போல டிப்ளமோ ஹோல்டர்தான்! 1933-இல் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் பயிற்சியை முடித்தார். வாழ்நாள் முழுக்க அவர் வாங்கிய படிப்புச் சான்றிதழ்கள் இவ்வளவுதான்.

இதற்கு நடுவே 1930-இல் ஜோன் என்ற கனடா நாட்டுப் பெண்ணை மணந்தார். நடனம் பற்றி ஆராய்ச்சி செய்ய வியன்னாவுக்கு வந்தவர் அவர். எரிக்சனின் புத்தகங்களில் பலவும் ஜோன் உட்கார்ந்து திருத்தி உருப்படுத்தியவை. இதைப் பலரும் எழுதுவதில்லை.

1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். மனைவி, இரண்டு கைக்குழந்தைகளோடு டென்மார்க் போய்க் குடியுரிமை கேட்டார், கிடைக்கவில்லை. அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான முதல் உளப்பகுப்பாய்வாளர் அவர்தான். ஹார்வர்டில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து பார்த்தார், முடிக்காமலே விட்டுவிட்டார். பிறகு யேல், அதன் பிறகு கலிபோர்னியா. சூ, யூரோக் என்ற செவ்விந்தியப் பழங்குடியினரிடம் போய் அவர்கள் பிள்ளை வளர்க்கும் முறையைப் பார்த்து எழுதினார். அதைத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது ஒரு காரியம் செய்தார். எரிக்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஹோம்பர்கர் என்ற பெயர் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் ஹாம்பர்கர் ஆகி, பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எரிக்சன் என்றால் என்ன அர்த்தம்? எரிக்கின் மகன்! தகப்பன் பெயர் தெரியாதவர் தனக்குத் தானே தகப்பனாகிவிட்டார். வளர்த்த தியோடரின் பெயரையும், அதோடு தன் யூத அடையாளத்தையும் மறைத்துவிட்டார் என்று பின்னாளில் சிலர் இவரைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அவர் சிகிச்சை பார்த்தார். அவர்களுக்குப் பைத்தியம் இல்லை, உடம்பிலும் பெரிய காயம் இல்லை. ஆனால் நேற்று இருந்த நானும் இன்றைக்கு இருக்கிற நானும் ஒரே ஆள்தானா என்ற பிடிப்பு விட்டுப்போயிருந்தது. இதற்கு அவர் அடையாள நெருக்கடி என்று பெயர் வைத்தார். பிறகு பார்த்தால் அதே தடுமாற்றம், போரையே பார்க்காத பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளிடமும் லேசான அளவில் இருந்தது. நோயாக அல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டமாக!

1950-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஃபிராய்டு குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். எரிக்சன் கிழப்பருவம் வரை கொண்டு போனார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இழுபறி. கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா என்பது. பள்ளிப் பிள்ளைக்கு உழைத்துச் செய்துகாட்டும் திறனா, தாழ்வு மனப்பான்மையா என்பது. ஐந்தாவது நம்முடையது. நான் யார், எதற்கு லாயக்கு, யாரோடு நிற்பவன் என்று ஒரு பிடிப்பு உண்டாகிறதா, இல்லை நாலு வேஷத்தையும் மாறி மாறிக் கட்டிக் குழம்பிப் போகிறோமா? ஆறாவது, இன்னொருவரோடு மனம் ஒன்றிப் பழகுவதா, தனித்துப் போவதா. தான் யார் என்றே தெரியாதவன் இன்னொருவரோடு நெருங்கினால் ஒன்று கரைந்து போவான், இல்லை பயந்து ஓடுவான் என்பது அவர் கருத்து. ஹாஸ்டலில் நாம் பார்த்த காதல் கதைகளை வைத்து அவரவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஐந்தாம் கட்டத்துக்கு அவர் சொன்ன ஒரு சங்கதி. மொரட்டோரியம்! 2020-இல் கொரோனா நேரத்தில் வங்கிக் கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்தார்களே, அதே வார்த்தைதான். கடன் ரத்து இல்லை, கட்டத்தான் வேண்டும். ஆனால் மூச்சு விட்டுக்கொள்ள அவகாசம். அதுபோல, பெரியவர்களின் பொறுப்பு முழுதும் தலையில் ஏறுவதற்கு முன்னால், இதைச் செய்து பார்க்கிறேன், அதைச் செய்து பார்க்கிறேன் என்று இளைஞனுக்குச் சமுதாயம் கொடுக்கும் தவணைக் காலம் இது என்றார். கல்லூரி என்பதே அப்படி ஒரு தவணைதான். தான் ஐரோப்பாவில் சுற்றிய ஏழு வருஷத்துக்கும் அவர் பிற்காலத்தில் இந்தப் பெயரைத்தான் வைத்தார். என்னைக் கேட்டால், ஓவியத்தில் தோற்றுப்போய் வீட்டுக்கு வந்த அந்த 25 வயதுப் பையன் இல்லாவிட்டால் இந்தத் தத்துவமே கிடையாது.

அவர் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1949-இல்தான் பேராசிரியர் ஆனார். அந்த வருஷமே, நான் கம்யூனிஸ்ட் இல்லை என்று ஆசிரியர்கள் எல்லாரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. எரிக்சன் கம்யூனிஸ்ட்டே கிடையாது. ஆனாலும் எதிர்த்து அறிக்கை எழுதிவிட்டு, அரிதாகக் கிடைத்த அந்த வேலையை விட்டு வெளியேறினார். மாணவர் வளர்ச்சியைப் பற்றி எழுதிய இன்னொரு முக்கியமானவர் நெவிட் சான்ஃபோர்டு. அவரும் இதே தகராறில் இதே பல்கலைக்கழகத்தில் வேலை இழந்தவர்தான். மாணவன் வளர வேண்டுமானால் அவனுக்குச் சவாலும் வேண்டும், பக்கத்தில் ஒரு தாங்கலும் வேண்டும், வெறும் சவால் என்றால் ஓடிவிடுவான், வெறும் தாங்கல் என்றால் தூங்கிவிடுவான் என்பது சான்ஃபோர்டு சொன்னதன் சாரம். நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்களில் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறோம்!

பிறகு பத்து வருஷம் மாசச்சூசட்ஸ் மாநிலத்தில் ஒரு மனநல மையத்தில் இளைஞர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1960-இல் ஹார்வர்டு கூப்பிட்டது. முன்பு பட்டம் முடிக்காமல் வெளியேறிய அதே ஹார்வர்டில் பேராசிரியர்! வாழ்க்கைக் கட்டங்களைப் பற்றிய அவர் வகுப்பில் மாணவர் கூட்டம் அலைமோதியது.

அவர் விதைத்ததை மற்றவர்கள் வளர்த்தார்கள். 1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற ஆராய்ச்சியாளர் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துத் தொழில், மதம், அரசியல் மூன்றிலும் உன் முடிவு என்ன, அதற்கு முன் யோசித்துத் தடுமாறினாயா என்று கேட்டு, நாலு நிலைகளாகப் பிரித்தார். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்று மிதக்கிறவன் ஒருத்தன். தேடாமலே, அப்பா சொன்னார் மாமா சொன்னார் என்று முடிவை வாங்கி வைத்துக்கொண்டவன் இன்னொருத்தன். இன்னும் தேடிக்கொண்டே இருப்பவன் மூன்றாமவன், அவன்தான் மொரட்டோரியத்தில் இருப்பவன். தேடி முடித்துத் தானே முடிவெடுத்தவன் நாலாமவன். இதில் இரண்டாமவன்தான் வெளியிலிருந்து பார்க்க ரொம்ப ஒழுங்கானவன். அட்டெண்டன்ஸ் சரியாக இருக்கும், இண்டர்வியூவிலும் பளிச்சென்று பதில் சொல்வான். மூன்றாமவன் பார்வைக்கு உருப்படாதவன் மாதிரிதான் தெரிவான்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எதில் சேர்த்தி? ப்ளஸ் ஒன் போகமாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டேன். வைண்டிங் கடையில் எரிந்துபோன காயிலைப் பிரித்து, சுற்று எண்ணி, வார்னிஷ் அடித்து ஒரு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு ட்ரிபிள் ஈ எடுத்தேன். நானே தேடி எடுத்ததா, கடை முதலாளி அண்ணன் சொன்னதைக் கேட்டு எடுத்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் பயோடேட்டாவில் அடித்துவிட்ட அந்த வரியைத் திரும்பவும் டைப் செய்து சேர்த்துவிட்டேன்.

1969-இல் ஆர்தர் சிக்கரிங் என்பவர் கல்லூரி மாணவன் வளரும் திசைகள் ஏழு என்று எழுதினார். திறமை, உணர்ச்சிகளைக் கையாளுதல், சொந்தக் காலில் நிற்றல், அடையாளம், மற்றவரோடு உறவு, வாழ்க்கை நோக்கம், நேர்மை. இவற்றுக்கு அவர் படிகள் என்று பெயர் வைக்கவில்லை, வெக்டர் என்று வைத்தார்! இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் படித்தோமே, அளவும் உண்டு திசையும் உண்டு என்று, அதே வெக்டர்தான். ஒருத்தன் ஒன்றில் வேகமாகப் போவான், இன்னொன்றில் நின்றுகொண்டிருப்பான். 1993-இல் திருத்திய பதிப்பில் உறவை அடையாளத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். எரிக்சன் வகுத்த வரிசை ஆண்பிள்ளைகளைப் பார்த்தே போட்டது, பெண்களுக்கு உறவும் அடையாளமும் சேர்ந்தேதான் வளர்கின்றன என்ற விமர்சனம் வலுத்திருந்த காலம் அது. அந்த விமர்சனத்தை எழுப்பியவர்களில் முக்கியமானவர் கேரல் கில்லிகன். ஹார்வர்டில் எரிக்சன் வகுப்பிலேயே துணை ஆசிரியராக இருந்தவர்.

நம் நாட்டுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1962-இல் ஒரு கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தார். பிரம்மச்சரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சன்னியாசம் என்று இங்கேயும் வாழ்க்கையைக் கட்டம் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து ஆர்வமானார். அந்த ஊரில்தான் 1918-இல் காந்திஜி மில் தொழிலாளர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். எல்லாரும் சின்ன விஷயமாகக் கடந்து போன அந்த மூன்று நாள் உண்ணாவிரதத்தை மையமாக வைத்து எரிக்சன் எழுதிய காந்தி பற்றிய புத்தகம் 1969-இல் வந்தது, 1970-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அந்தச் சமயத்தில் அகமதாபாத்தில் அவரைச் சந்தித்தவர் சுதிர் கக்கர் என்ற இளைஞர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பொருளாதாரத்துக்குப் போய், எது தன் வழி என்று தெரியாமல் நின்றவர். எரிக்சனோடு பழகிய பிறகு இதுதான் என் வழி என்று ஹார்வர்டுக்குப் போய் அவருக்கு உதவியாளரானார். 2024-இல் மறைந்த கக்கர், இந்திய மனத்தைப் பற்றி எழுதிய உளப்பகுப்பாய்வாளர்களில் முதன்மையானவர். மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க!

அந்தக் காந்தி புத்தகத்தின் நடுவில் எரிக்சன் ஒரு வேலை செய்கிறார். மேலே எழுத முடியாமல் நிறுத்தி, இறந்துபோன காந்திக்கே ஒரு கடிதம் எழுதுகிறார். கஸ்தூரிபாவை நடத்திய விதம், ஆசிரமத்துப் பிள்ளைகளிடம் காட்டிய கடுமை இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, சத்தியம் சத்தியம் என்று சொல்லும் இடத்திலேயே ஏதோ ஒன்று மூடி மறைக்கப்படுகிறதே என்று வருத்தத்தோடு கேட்கிறார். படிக்கும்போது எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று நினைத்தேன்.

நான் முதலில் சொன்ன கசப்பான சங்கதி இதற்கு அடுத்ததுதான். 1944-இல் எரிக்சன் தம்பதிக்கு நாலாவது குழந்தை பிறந்தது. நீல் என்று பெயர். டவுன் சிண்ட்ரோம் குறையோடு பிறந்த பிள்ளை. அன்றைய டாக்டர்களின் ஆலோசனைப்படி பிள்ளையை வீட்டுக்கே கொண்டுவராமல் ஒரு விடுதியில் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் செய்ததுதான். ஆனால் மற்றப் பிள்ளைகளிடம் குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. நீல் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்து 1965-இல்தான் இறந்தான்.

பிறப்பைப் பற்றித் தன்னிடம் பொய் சொல்லி வளர்த்ததால் வாழ்நாள் முழுக்கத் துடித்தவர், தன் பிள்ளைகளிடம் அதே மாதிரி ஒரு பொய்யைச் சொன்னார். ஆரோக்கியமான வளர்ச்சியின் எட்டுக் கட்டங்களை அவரும் ஜோனும் சேர்ந்து வகுத்தது நீல் பிறந்ததற்குப் பிந்தைய வருஷங்களில். அந்த அட்டவணையில் நீலுக்கு எந்தக் கட்டம்? எரிக்சன் இறந்த பிறகு 1999-இல் வந்த வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியுலகுக்கு இது விவரமாகத் தெரிந்தது. மகள் சூ 2005-இல் தான் எழுதிய புத்தகத்தில் புகழுக்குப் பின்னால் அந்த வீடு எப்படி இருந்தது என்று எழுதினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கட்டுரையை எழுத வேண்டாம் என்றுகூட இரண்டு நாள் நினைத்தேன். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நானும் அதே தப்பைத்தான் செய்கிறேன் என்று தோன்றியதால் எழுதிவிட்டேன்.

1970-இல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். 1994 மே 12 அன்று மாசச்சூசட்ஸில் ஹார்விச் என்ற ஊரில் 91 வயதில் காலமானார். எட்டுக் கட்டம் போதாது, தள்ளாத வயதுக்கென்று ஒன்பதாவதும் உண்டு என்று ஜோன் தன் தொண்ணூறைத் தாண்டிய வயதில் எழுதிச் சேர்த்துவிட்டு, 1997-இல் கண்மூடினார்.

தகப்பனைப் பற்றி எரிக்சனுக்குக் கடைசி வரை கிடைத்ததெல்லாம் அவர் ஒரு டென்மார்க்காரர் என்ற பேச்சு மட்டும்தான். வாழ்க்கை வரலாற்று ஆசிரியரும் கோபன்ஹேகன் பக்கம் விசாரித்துப் பார்த்தார். பெயர் கிடைக்கவில்லை.